சுத்திக்கிட்டே இருக்குற வாழ்க்கை ஒரு மனுசனைப் பக்குவப்படுத்துமா?

முத்துநகர் மாலுமி

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல கிடக்குற ஒரு கேள்வி, வீட்ல யார்கிட்டயும் பேச முடியல, அதான் இங்க போடுதேன். நான் மெர்ச்சன்ட் நேவில செகண்ட் இன்ஜினியர், இப்ப கண்டெய்னர் கப்பல்ல ஓடிட்டு இருக்கேன், சொந்த ஊரு தூத்துக்குடி பக்கம். படிச்சு முடிச்சதுல இருந்து இந்த வாழ்க்கைதான், நாலஞ்சு மாசம் கப்பல், சைன் ஆஃப் பண்ணி ரெண்டு மூணு மாசம் வீடு, அப்புறம் மெடிக்கல், ஃப்ளைட்டு, தெரியாத ஏதோ ஒரு போர்ட்ல திரும்ப சைன் ஆன்.

ஊருக்கு வந்தா ஒரு விசேஷ வீட்டுக்குப் போக முடியல, "உலகத்தையே சுத்துன பய, உனக்குத் தெரியாததா, எங்க பயலுக்கு நாலு வார்த்தை சொல்லு" அப்படின்னு உக்கார வச்சிடுதாங்க. பயணம் போனா மனசு விரியும், கடல்ல தனியா இருந்தா கடவுளை நெருங்கலாம்னு எல்லாரும் நம்புதாங்க. எனக்கு அப்படி எதுவும் நடந்த மாதிரி தெரியல. ராட்டர்டாம் போயிருக்கேன்னு சொல்லுவேன், ஆனா கப்பல் கட்டுறது மாஸ்விளாக்டேல, அங்கருந்து ஊருக்குள்ள போக 40 கிலோமீட்டர் கிட்ட இருக்கு, கிரேனு கண்டெய்னரைத் தூக்குறதும் இறக்குறதும், ஆளே இல்லாத வண்டி ஓடுறதும்தான் நான் பாத்த ராட்டர்டாம், ஒரு நாள் ஒன்றரை நாள்ல கயிறை அவுத்துடுவாங்க. சூயஸ் கால்வாய் 193 கிலோமீட்டர், எத்தனையோ தடவை கடந்தாச்சு, ஆனா நாங்க அந்த நேரம் பூரா கீழ இன்ஜின் கன்ட்ரோல் ரூம்ல ஸ்டாண்ட்பைல இருப்போம், மேல வந்து ரெண்டு கரையையும் நின்னு பாத்தது கொஞ்சம்தான்.

எங்க ஆச்சி திருச்செந்தூரைத் தாண்டி எங்கயும் போனதில்ல. சாகுற வரைக்கும் அதே வீடு, அதே கிணறு. ஆனா தாத்தா இறந்தப்பவும் சரி, நிலம் கைவிட்டுப் போனப்பவும் சரி, அவ இருந்த இருப்பைப் பாத்தா இப்ப நினைச்சாலும் மலைப்பா இருக்கு, யார் மேலயும் ஒரு கோவம் கிடையாது, வாசலுக்கு வந்தவங்க யாரும் வெறும் வயித்தோட போனது கிடையாது. இத்தனை கடல் பாத்த எனக்கு அதுல கால்வாசி கூட இல்ல. அப்ப பயணம் மனுசனை வளர்க்கும்ங்கறது எந்த அளவு உண்மை, யாரையாவது உண்மையிலேயே மாத்திருக்கா, மாத்துச்சுன்னா அந்தப் பயணத்துல எது மாத்துச்சு. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க. படம் போட்டு "வாழ்க்கையே ஒரு பயணம்"னு எழுதுறது வேணாம், உண்மையாவே தெரிஞ்சுக்கணும்.


தேசாந்திரி மதுரை

சந்தேகமே வேண்டாம் நண்பரே, மாத்தும். விவேகானந்தரை எடுத்துக்கோங்க. குரு 1886ல மறைஞ்சு ரெண்டு வருஷத்துல கிளம்பிட்டாரு, வருஷக்கணக்கா நாடு பூரா நடந்தும், யாராச்சும் டிக்கெட் எடுத்துக் குடுத்தா ரயில்லயும் சுத்தி, 1892 டிசம்பர்ல கன்னியாகுமரி வந்து சேந்தாரு. அடுத்த மே 31 பம்பாய்ல கப்பல் ஏறிட்டாரு. சிகாகோல பேசுனது மட்டும்தான் நமக்கு ஞாபகம் இருக்கு, ஆனா அந்தப் பேச்சுக்குப் பின்னாடி ஜனங்களோட பசியை நேர்ல பாத்த அந்த வருஷங்கள் இருக்கு. மடத்துலயே உக்காந்திருந்தா நல்ல பண்டிதரா இருந்திருப்பாரு, அவ்ளோதான்னு நான் நினைக்கறேன்.


பழைய சீஃப்

தம்பி, நானும் உங்க லைன்தான், சீஃப் இன்ஜினியரா ரிட்டயர் ஆகி இப்ப ஊர்ல இருக்கேன், அதனால நீங்க சொல்றது ஒவ்வொண்ணும் புரியுது. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நீங்க போறது நாங்க போன கடல் கிடையாது. நாங்க சேந்த காலத்துல ஜெனரல் கார்கோ, மூட்டை மூட்டையா இறக்கணும், ஒரு போர்ட்ல வாரக்கணக்கா கிடப்போம், வெளிய போவோம், ஊர்க்காரங்க பழக்கம் ஆவாங்க, சீமென்ஸ் கிளப் இருக்கும், சர்ச்சுக்காரங்க வேன்ல வந்து கூட்டிட்டுப் போயி வீட்ல சாப்பாடு போடுவாங்க. கண்டெய்னர் வந்து அந்த நாளை எல்லாம் மணிக்கணக்குக்குச் சுருக்கிடுச்சு, 2004ல ஐஎஸ்பிஎஸ்ங்கற கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதி வந்த அப்புறம் பல போர்ட்ல கேட்டைத் தாண்டுறதே பெரிய பாடு. உங்களுக்கு மனசு விரியலன்னா அது உங்க குறை மட்டும் இல்ல, விரியுறதுக்கு வழி வேணும்ல.

ஆனா கப்பலை அவ்வளவு லேசா விட்டுடாதீங்க. போர்ட்ல ஒண்ணும் கிடைக்கலன்னா மெஸ்ல தேடுங்க. 2022க்கு அப்புறம் எத்தனை கப்பல்ல உக்ரைன் ஆளும் ரஷ்ய ஆளும் ஒரே ஷிஃப்ட்ல வேலை செஞ்சாங்க, ஒருத்தன் ஊர்ல குண்டு விழுது, இன்னொருத்தன் தம்பி அங்கயே ராணுவத்துல இருக்கான், ரெண்டு பேரும் ஒரே பம்பைக் கழட்டணும். அதைப் பக்கத்துல இருந்து பாக்கற வாய்ப்பு கரைல இருக்கற எத்தனை பேருக்குக் கிடைக்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். நான் ஜூனியரா இருந்தப்ப, எண்பதுகள்ல, தெற்குச் சீனக் கடல்ல போயிட்டு இருந்தோம். அப்ப வியட்நாம்ல இருந்து ஜனங்க மீன் படகுல தப்பிச்சு வந்துட்டு இருந்த காலம், பாத்தும் பாக்காத மாதிரி போற கப்பலும் இருந்துச்சு, ஏன்னா ஏத்துனா எந்த நாடு இறக்க விடும்னு தெரியாது, கப்பல் நாள்கணக்கா காத்துக் கிடக்கணும், கம்பெனிக்கு நஷ்டம். எங்க கேப்டன் ரொம்பக் கடுமையான ஆள், யாரும் அவர்கிட்ட நின்னு பேச மாட்டோம். அவரு யார்கிட்டயும் கேக்காம கப்பலைத் திருப்புனாரு. ஏணி போட்டு ஒவ்வொருத்தரா ஏத்துனோம், குழந்தைங்க இருந்தாங்க, ஒரு வயசான அம்மா மேல வந்ததும் முதல்ல செஞ்சது என்னன்னா கைல இருந்த ஒரு சின்ன துணி மூட்டையைப் பிரிச்சு அதுல இருந்த காஞ்ச ஏதோ ஒண்ணை எங்க போசன், அதான் டெக் ஆளுங்களுக்கு மேஸ்திரி, அவரு கைல குடுத்தாங்க. அவங்ககிட்ட இருந்ததே அதுதான். போசன் வாங்கிக்கிட்டாரு, வாங்கி அங்கயே வாய்ல போட்டுக்கிட்டாரு, அப்புறம் ஸ்டோர் பக்கம் போயி அழுதாரு. என் கேபினை ஒரு குடும்பத்துக்குக் குடுத்துட்டு நான் ஃபிட்டர் கேபின்ல கீழ படுத்தேன். நான் கோயிலுக்குப் போற ஆள் கிடையாது, இன்னைக்கும் போறது கம்மி. ஆனா கடவுள்னு யாராவது பேசுனா எனக்கு அந்த ஏணிதான் ஞாபகம் வரும். எத்தனை நாடு பாத்தேன்ங்கறது எல்லாம் மறந்தே போச்சு தம்பி.


ரேவா தீரம்

சீஃப் ஐயா எழுதுனதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் டைப் பண்ண முடியலீங்க. நான் கோயமுத்தூர்க்காரன், பேங்க்ல இருந்து விஆர்எஸ் வாங்குனவன். நர்மதா பரிக்ரமா நடந்து முடிச்சவன்ங்கறதால எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றனுங்க.

தெரியாதவங்களுக்காக, நர்மதை அமர்கண்டக்ல பொறந்து மேற்க ஓடி பருச் தாண்டி கடல்ல சேருது, 1312 கிலோமீட்டர். அந்த ஆத்தையே தெய்வமா வச்சு முழுசா ஒரு சுத்து நடக்கறதுதான் பரிக்ரமா, ஒரு கரைல போயி மறு கரைல திரும்பணும், அதனால தூரம் ரெண்டு மடங்கு ஆயிடும். ஆறு எப்பவும் வலது கைப்பக்கம் இருக்கோணும், நடுவுல எங்கயும் ஆத்தைத் தாண்டக் கூடாது, பாலம் கண்ணு முன்னாடி இருந்தாலும் கூடாது. பழைய கணக்குல 3 வருஷம் 3 மாசம் 13 நாள், ஏன்னா மழைக்காலத்துல சாதுர்மாஸ்யம்னு நாலு மாசம் ஒரே ஊர்ல தங்கிடுவாங்க. இப்ப நடக்கறவங்க பலபேர் கார்த்திகை ஏகாதசிக்கு அப்புறம் ஓங்காரேஸ்வர்ல ஆரம்பிச்சு கோடை முடியறதுக்குள்ள முடிச்சுக்கறாங்க, நானும் அப்படித்தான். வேன்ல சுத்தறவங்களும் இருக்காங்க, அதைப் பத்தி எனக்கு அபிப்ராயம் இருக்குது, ஆனா இங்க வேண்டாமுங்க.

மாலுமி சார் கேட்டது எது மாத்துச்சுன்னு. ஆறு, காடு, சூர்யோதயம் எல்லாம் அழகுதானுங்க, மறுக்கல. ஆனா என்னை மாத்துனது சாப்பாடு. நான் முப்பது வருஷம் கிட்ட லோன் கவுண்டர் அந்தப் பக்கம் உக்காந்து, வந்தவங்களை எல்லாம் திருப்பிக் கட்டுவானா மாட்டானான்னு பாத்தே பழகுன ஆளு. அங்க என்னன்னா பரிக்ரமா நடக்கறவன் கைல காசு வச்சுக்கக் கூடாதுங்கறது பழைய முறை, கிராமத்துல சதாவ்ரத்னு மாவு, பருப்பு, உப்பு குடுப்பாங்க, நாமளே கல்லு கூட்டி டிக்கட்னு தடிமனா ரொட்டி சுட்டுத் தின்னுக்கோணும், இல்ல வீட்ல கூப்பிட்டா போய் உக்காரோணும். எனக்கு இந்தி அரைகுறை. "நர்மதே ஹர்" ஒண்ணுதான் நல்லா சொல்லத் தெரியும். அதைச் சொன்னா கதவு திறக்கும். நான் யாரு, என்ன ஜாதி, எவ்வளவு சம்பளம் ஒண்ணும் கேக்கறதில்ல, தண்ணி முதல்ல வரும், அப்புறம் காலைக் கழுவ வருவாங்க, அதுதான் ஆரம்பத்துல எனக்குத் தாங்கவே முடியல, என் வயசுல இருக்கற ஒரு பொம்பள என் காலைத் தொடறதை நான் எப்படி ஏத்துக்கறது. மறுத்தா அவங்க முகம் வாடிப் போயிரும். வாங்கிக்கறதுக்கு ஒரு மனசு வேணும்ங்கறதே எனக்கு அங்கதானுங்க தெரிஞ்சுது, குடுக்கறதை விட அது ரொம்பக் கஷ்டம்.

ஒரு வீடு மட்டும் சொல்லிடறனுங்க. சர்தார் சரோவர் அணை 138.68 மீட்டர் உயரம், 2019ல முதல் தடவையா முழுசா ரொப்புனாங்க, பட்வானி, தார் மாவட்டத்துல கரையோர ஊருங்க எத்தனையோ தண்ணிக்குள்ள போயிருச்சு, பழைய பரிக்ரமா பாதையும் சேத்துத்தான். குடியேத்த காலனி ஒண்ணுல, ஆத்தை விட்டு ரொம்பத் தள்ளி, ஒரு பெரியவரு என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சாரு. அவரோட வீடு, வயல், அவங்கப்பா கட்டுன சின்ன கோயில் எல்லாம் தண்ணிக்குள்ள இருக்குது. அந்த ஆத்தைக் கும்பிட்டு நடக்கற எனக்கு அவரு சாப்பாடு போடறாரு. எனக்கு வாய் நிக்கல, நர்மதை அம்மா மேல கோவம் இல்லையான்னு கேட்டுட்டேன். அம்மா என்ன பண்ணுவா, அணைக்குக் கதவு போட்டது மனுசன்தானேன்னாரு. சொல்லிட்டு இன்னொரு ரொட்டி வச்சாரு. நானா இருந்தா அந்த ஆத்துப் பேரைச் சொல்லிட்டு வர்றவனை வாசல்ல ஏத்திருப்பனான்னு இன்னும் யோசிச்சுட்டுத்தான் இருக்கறனுங்க.

அப்புறம் மாலுமி சாருக்குப் பிடிக்கும்னு ஒண்ணு, ஆறு கடல்ல சேர்ற இடத்துல மட்டும் படகு உண்டு. தென்கரைல விமலேஸ்வர்ல இருந்து வடகரை மீட்டி தலாய்க்கு கடல் வழியாப் போகோணும், ஓதம் ஏறுனாத்தான் படகு எடுப்பாங்க, அது ராத்திரியா இருந்தாலும் சரி, விடியக்காலையா இருந்தாலும் சரி. டாக்டர், கூலி வேலைக்காரர், சாமியார் எல்லாரும் ஒரே மணல்ல மூட்டையை வச்சுட்டு தண்ணி ஏறட்டும்னு உக்காந்திருப்போம். உங்களை மாதிரி கடல்ல இருக்கறவங்களுக்கு அந்தக் காத்திருப்பு பழக்கம் இருக்குமுங்க, எங்களுக்குத்தான் புதுசு.


அருணை வாசல்

எல்லாரும் நல்லா எழுதிருக்கீங்க, ஆனா நான் கொஞ்சம் மாறுபடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நான் திருவண்ணாமலைல பொறந்து வளந்தவன். ரமணர் 1896 செப்டம்பர் 1ம் தேதி இந்த ஊருக்கு வந்தாரு, 1950 ஏப்ரல் 14 உடம்பை விடற வரைக்கும் இந்த மலையை விட்டு ஒரு நாள் வெளியூர் போகல. அதிகபட்சம் அவரு போன பயணம் 14 கிலோமீட்டர் கிரிவலம், அதுவும் 1926 வாக்குல நிறுத்திட்டாரு. உலகம் பூரா சுத்தினவங்க கடைசில அவரு முன்னாடி வந்துதான் உக்காந்தாங்க. அதனால மாலுமி அண்ணனோட ஆச்சி பக்கம்தான் நான்.

எங்க தெருவுல சீசனுக்கு எத்தனையோ பேர் ரூம் எடுக்கறாங்க, ரிஷிகேஷ் முடிச்சாச்சு, பாலி முடிச்சாச்சு, இங்க மூணு வாரம், அப்புறம் வேற ஊருன்னு லிஸ்ட்டு வச்சிருக்காங்க. பலபேர் நல்ல மனுசங்க. ஆனா உள்ள ஏதோ ஒண்ணு கஷ்டமா மேல வர்ற நேரம் பாத்து டிக்கெட் போட்டுடறாங்க, அதை நான் திரும்பத் திரும்பப் பாத்திருக்கேன். உக்காந்து அதைப் பாத்துட்டுப் போனா எவ்வளவு நல்லா இருக்கும்னு தோணும். அப்பர் கயிலாயம் பாக்கணும்னு நடந்து கால் தேஞ்சு, கையால ஊர்ந்து, மார்பால நகந்து, கடைசில உருண்டே போனாரு, ஆனா காட்சி கிடைச்சது திருவையாத்துல, வடக்க ஒரு குளத்துல முங்கி இங்க சோழநாட்டுக் குளத்துல எந்திரிச்சப்ப. ஆடி அமாவாசைக்கு இன்னைக்கும் அங்க அதைத்தான் கொண்டாடறாங்க. அவ்வளவு தூரம் போகாம இருந்திருந்தா திருவையாத்துல தெரிஞ்சிருக்குமான்னு கேப்பீங்க, அது நியாயமான கேள்விதான், எனக்கு அதுக்கு பதில் இல்ல.


முத்துநகர் மாலுமி

எல்லாரும் இவ்வளவு எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்ல. வாட்ச் முடிஞ்சு வந்து ஒவ்வொண்ணா படிச்சேன். சீஃப் சார், ரேவா சார் ரெண்டு பேரும் சொன்னதுல எனக்கு ஒண்ணு உறைச்சுது. 2020ல க்ரூ சேஞ்ச் இல்லாம உலகம் பூரா நாலு லட்சம் மாலுமிங்க கிட்ட கப்பல்லயே மாட்டிக்கிட்டாங்கல்ல, அதுல நானும் ஒருத்தன், காண்ட்ராக்ட் முடிஞ்சும் இறங்க முடியல, எந்த ஊர்க்காரனும் எங்களைக் கரைல விடல. ஒரு போர்ட்டுக்கு வெளிய ஆங்கர்ல கிடக்கையில ஒரு சின்ன லாஞ்ச் வந்துச்சு, பழம், கீரை, சிம் கார்டு, சின்னப் பிள்ளைங்க கையால எழுதுன கார்டு. மாலுமிங்களுக்கு உதவுற சீமென்ஸ் மிஷன்காரங்க அந்த ஊரு வீடுகள்ல சேத்துக் கொண்டு வந்தது. யாரு குடுத்தான்னே தெரியாது, நன்றி சொல்ல ஆளும் இல்ல. கேங்வே கிட்ட மாஸ்க்கோட நின்னு கயிறுல மேல இழுத்தோம். அன்னைக்கு ராத்திரி எல்லாரும் ரொம்ப அமைதியா இருந்தோம், அதை நான் பயணத்துக் கணக்குலயே சேக்கல இதுவரைக்கும். அருணை தம்பி சொன்னதும் மனசுல நிக்குது, லீவுல வீட்ல பத்து நாள் தாண்டுனாலே எனக்கு கால் நிக்க மாட்டேங்கு.


சந்நிதி அக்கா

தம்பி, நான் கனநாளா இந்தக் குழுவில வாசிக்கிறதோட சரி, எழுதிறேல்ல. உங்கட கடைசிப் பதிவைப் பார்த்திட்டு எழுதாமல் இருக்க ஏலாமல் போட்டுது. நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில இருக்கிறன், ஸ்காபரோவில.

எங்கட சனத்துக்குப் பயணம் எண்டா முதல் ஞாபகம் வாறது இடம்பெயர்வுதான். 1995 ஒக்டோபர் 30, சண்டையால யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க ஒரே இரவில வெளிக்கிட்டது, மழை, நாவற்குழிப் பாலத்தடியில நெருக்கிற நெருக்கு, மணித்தியாலக் கணக்கா நிண்டு நிண்டு ஒவ்வொரு அடியா நடந்தம். சாவகச்சேரிப் பக்கம் ஒரு வீட்டில முன்பின் தெரியாத ஆக்கள் எங்களை விறாந்தையில இருக்க விட்டவை, தங்கட சோத்தில எங்களுக்கும் போட்டவை. அந்தச் சோறு எனக்குத் தொண்டையால இறங்கேல்ல. அம்மா குனிஞ்ச தலை நிமிராமல் சாப்பிட்டது இப்பவும் கண்ணுக்கை நிக்குது. எங்கட வீட்டில மற்றவைக்குப் போட்டுப் பழகின மனுசி அவ. பேந்து வன்னி, கொழும்பு, கனடா. நாடு நாடா வந்தும் எனக்குள்ள வளர்ந்தது ஒரு வைராக்கியம்தான், இனி ஒருத்தரிட்டையும் கை நீட்டக் கூடாது எண்டு. வேலை, வீடு, பிள்ளையளின்ர படிப்பு, எல்லாம் அந்த வைராக்கியத்தாலதான் வந்தது, நான் அதைக் குறைச்சுச் சொல்லேல்ல. ஆனா அது பக்குவம் இல்லை தம்பி.

கதிர்காமப் பாதயாத்திரைக்கு நான் போனது அம்மா செத்த பிறகு. அவ நேர்ந்து வச்சிட்டு நடக்க முடியாமல் போனவ, அவவுக்காகப் போனனான். தொண்டைமானாறு செல்வச் சந்நிதியில இருந்து வேலோட வெளிக்கிட்டு, வற்றாப்பளை, திருக்கோணேஸ்வரம், வெருகல், மட்டக்களப்பு மாமாங்கம், திருக்கோவில், பாணமை, உகந்தை எண்டு கிழக்குக் கரை முழுக்க நடந்து, பிறகு குமண, யால காட்டுக்குள்ளால கதிர்காமம். ஒண்டரை மாசத்துக்கு மேல போகும். முந்தி இது காலங்காலமா நடந்தது, எங்கட யோகர் சுவாமியும் 1910 வாக்கில நடந்தவர், நடந்து வந்து பிறகு கொழும்புத்துறையில இலுப்பை மரத்தடியிலதான் வருஷக்கணக்கா இருந்தவர், அருணைத் தம்பிக்கு இது பிடிக்கும் எண்டு நினைக்கிறன், நடையும் இருக்கு, இருப்பும் இருக்கு. 83 க்குப் பிறகு சண்டையால யாத்திரை நிண்டு போச்சுது, 1988ல திருப்பித் தொடங்கினது, அதில அமெரிக்காவில பிறந்த பற்றிக் ஹரிகனுக்குப் பெரிய பங்கு இருக்கு. வடக்கில இருந்து முழுசா நடக்கிறது சண்டை முடிஞ்ச பிறகுதான் வழமைக்கு வந்தது.

யாத்திரையில எல்லாரும் சாமிதான், ஆம்பிளை பொம்பிளை எல்லாரையும் சாமி எண்டுதான் கூப்பிடுறது. என்ர பெயரை அந்த நாளெல்லாம் ஒருத்தரும் கேக்கேல்ல. இரவு கோயில் மண்டபத்தில இல்லாட்டி மரத்துக்குக் கீழ படுக்கிறது, விடிய முன்னம் எழும்பி நடக்கிறது. கூட வந்தவை கனபேர் வயசு போன அம்மாமார், மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம், சண்டையில பிள்ளையைக் குடுத்தவை, சுனாமியில குடும்பத்தைக் குடுத்தவை. அவையின்ர காலில செருப்பும் இல்லை. நான் கனடாவில இருந்து நல்ல சப்பாத்து வாங்கிக்கொண்டு போய், மூண்டாம் நாளே கொப்புளம், ஒரு அம்மா தன்ர சீலைத் தலைப்பைக் கிழிச்சுக் கட்டி விட்டவ.

ஊருக்கு ஊர் சனம் வீதிக்கு வந்து நிக்கும். சோறு, மோர், பானக்கம், தேசிக்காய்த் தண்ணி. மூதூர் பக்கம் ஒரு முஸ்லிம் குடும்பம் கேற்றடியில கதிரை போட்டு வச்சிருந்தவை, அந்த வீட்டு வாப்பா தானே கோப்பையைக் கையில தந்தவர், "இருந்து குடிச்சுப் போட்டுப் போங்க" எண்டு. அந்தப் பகுதியில எங்கட சனத்துக்கும் அவைக்கும் இடையில என்னென்ன நடந்தது எண்டு தெரிஞ்சவைக்குத் தெரியும். நான் அந்தக் கதிரையில இருந்து அழுதுபோட்டன். சாவகச்சேரியில இறங்காத சோறு அண்டைக்குத்தான் இறங்கினது எண்டு சொல்லுவன். ரெண்டு இடத்திலயும் நான் வாங்கினவள்தான், ஆனா முதல் தரம் எல்லாத்தையும் பறிச்சுப்போட்டு வாங்க வச்சது, இந்தத் தரம் நானா வெறுங்கையோட போய் நிண்டது. ரேவா ஐயா சொன்ன அந்த மனசு எனக்கு வர 20 வருஷத்துக்கு மேல போச்சுது.

கதிர்காமத்தில எங்கட ஊர்க் கோயில் மாதிரி கர்ப்பக்கிரகத்தில விக்கிரகம் பார்க்கிறது இல்லை, திரைதான் தொங்கும், கப்புறாளைமார் எண்ட பூசகர்மார் வாயைத் துணியால கட்டிக்கொண்டு ஒரு மந்திரமும் சொல்லாமல் பூசை செய்யினம். பக்கத்திலயே கிரி விகாரை எண்ட புத்த தூபி, பள்ளிவாசல். இவ்வளவு தூரம் நடந்து போய்த் திரைக்கு முன்னால நிண்டா ஏமாற்றமா இருக்கும் எண்டு நினைச்சனான். இருக்கேல்ல. வழி முழுக்கக் குடுத்தவையின்ர முகங்கள்தான் வந்து வந்து போச்சுது.

நீங்கள் உங்கட ஆச்சியைப் பற்றி எழுதினது, வந்தவை ஒருத்தரும் வெறும் வயித்தோட போகேல்ல எண்டு. ஆச்சி எங்கயும் போகாட்டியும் அவவின்ர வாசலுக்குப் பயணக்காரர் வந்திருக்கினம் தம்பி. அந்தப் பழக்கத்தின்ர மற்றப் பக்கத்தில நிண்டு பார்க்கிற சந்தர்ப்பம் உங்களுக்குக் கிடைக்கலாம். கப்பலில சம்பளம், சாப்பாடு, கட்டில் எல்லாம் கணக்காக் கிடைக்கிற பயணம், அதில ஒருத்தரையும் நம்பி நிக்கத் தேவையில்லை, அந்த லாஞ்ச் வந்த நாளைத் தவிர.


பழைய சீஃப்

அக்கா, வணங்குறேன். வேற ஒண்ணும் எழுதத் தெரியல.


முத்துநகர் மாலுமி

அக்கா, ரெண்டு தடவை படிச்சிட்டேன். ஆச்சி வாசல்ல வந்து நின்னவங்க யாரு, எங்கருந்து வந்தாங்கன்னு நான் ஒரு நாளும் யோசிச்சதில்ல. திருச்செந்தூருக்கு நடந்து போறவங்க எங்க ஊர் வழியாத்தான் போவாங்க, பச்சை வேட்டி கட்டிட்டு, இப்பதான் அது ஞாபகத்துக்கு வருது. அடுத்த லீவு எனக்கு ஜூன், ஜூலை பக்கம் விழும். ஒண்ணரை மாசம் முழுசா வீட்டை விட்டுப் போக முடியாது, பிள்ளைங்க என்னைப் பாக்கறதே அந்த நாள்லதான். கடைசிப் பகுதி மட்டும் நடக்க விடுவாங்களா, இந்தியாவுல இருந்து வந்தா சேத்துக்குவாங்களா?


சந்நிதி அக்கா

ஓம் தம்பி, தாராளமா. முழுக்க நடக்க ஏலாத கனபேர் உகந்தையில வந்துதான் சேருறவை, அங்க முருகன் கோயிலில தங்கி, பாதை திறந்த உடன காட்டுக்குள்ள இறங்கினா நாலஞ்சு நாளில கதிர்காமம். தனிய இறங்க வேண்டாம், யானை, கரடி இருக்கிற இடம், வேல் கொண்டு போற ஒரு கூட்டத்தோட சேர்ந்துகொள்ளுங்கோ, கேட்டா ஒருத்தரும் மாட்டன் எண்டு சொல்லாயினம். பாதை வருஷம் முழுக்கத் திறந்திருக்காது, ஆடிக் கொடியேற்றத்தை ஒட்டித்தான் திறக்கிறவை, திகதியை ஒவ்வொரு வருஷமும் அறிவிப்பினம். காட்டுக்குள்ள கடை கிடையாது, அரிசி, பருப்பு, தேங்காய் உங்கட தோளில கொண்டு போகவேணும், கும்புக்கன் ஆறு கடந்த பிறகு தண்ணிதான் கஷ்டம், போத்தலை நிரப்பக் கிடைக்கிற இடத்தில எல்லாம் நிரப்புங்கோ. சாமானைக் கூட்டத்தில பொதுவாப் போட்டுத்தான் சமைக்கிறது, உங்கட பங்கு முடிஞ்சா மற்றவையின்ரயைச் சாப்பிடுங்கோ, வெக்கப்படாதேங்கோ. பிளாஸ்டிக் ஒண்டும் காட்டில போடக் கூடாது, திருப்பிக் கொண்டு வரவேணும்.

பிள்ளையள் எத்தினை வயசு? கொஞ்சம் வளர்ந்த பிள்ளையள் எண்டா தாயோட நேரா கதிர்காமத்துக்கு பஸ்ஸில வரச் சொல்லுங்கோ, நீங்கள் காட்டுக்குள்ளால வந்து மாணிக்க கங்கையில குளிச்சிட்டு அவையைச் சந்திக்கலாம். இந்த வருஷத் திகதி வந்த உடன இதிலயே போடுறன்.